‘ஊற்றலாம்’ – பயன்படுத்தும் முறை

1

இந்தக் கதை ஒரு தொட்டியில் பிறந்தது. அலங்காரமாகச் சொல்லவில்லை. என் வீட்டுச் சமையலறையில் பாத்திரம் கழுவும் தொட்டிதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கரை மணிக்கு ஒரு டம்ளர் பீரை அதில் கொட்டினேன். கொட்டியது குற்றமில்லை. கொட்டுவதற்கு முன் ஒரு நோட்டில் ஒரே ஒரு சொல்லை எழுதியிருந்தேன், அதுதான் குற்றம்.

குடிகாரன் பேச்சு விடிந்தால் போச்சு என்பார்கள். பேச்சைப் பற்றித்தான் சொல்லியிருக்கிறார்கள். எழுதிவைத்தால் விடிந்தாலும் போகாது என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

2

தொடக்கத்துக்கு எடுத்த முயற்சிகள்:

‘பீர் என்பது வெறும் பானமல்ல, அது ஒரு –’ (இல்லை. பானம்தான்.)

‘மாப்பிள்ளை பாட்டிலின் மேலிருந்த சாக்ஸை உருவியபோது வெளியே மழை –’ (மழை பெய்யவில்லை. எழுதுகிறவனுக்குக் கை உதறினால் உடனே மழை வந்துவிடுகிறது.)

‘என் தங்கையின் கணவர் ஒரு லிஃப்ட் மெக்கானிக்.’ (இது நிற்கிறது. இதையே வைத்துக்கொள்கிறேன்.)

3

என் தங்கையின் கணவர் ஒரு லிஃப்ட் மெக்கானிக். நான் அவரை மாப்பிள்ளை என்பேன். அவர் என்னை மச்சான் என்பார். பத்தொன்பது வருடமாகக் கட்டிடங்களின் உச்சியில் இருக்கும் மோட்டார் அறையிலும் அடியில் இருக்கும் குழியிலும் மாறி மாறி வாழ்கிறார். நடுவில் இருக்கும் மாடிகளை அவருக்கு அவ்வளவாகத் தெரியாது.

நான் வீட்டுச் சாமான்களுக்குக் கையேடு எழுதுகிறவன். மிக்ஸியோ இஸ்திரிப் பெட்டியோ வாங்கினால் உள்ளே ஒரு சின்னப் புத்தகம் இருக்கும், பிரிக்காமலே தூக்கிப் போடுவீர்களே, அது நான் எழுதியது. எங்கள் அலுவலகச் சுவரில் ‘ஒரு சொல்லுக்கு ஒரு பொருள்’ என்று ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. ஒட்டியவன் நான்தான்.*

* இதை என் முகத்தில் எறிவதற்கு நேரம் வரும். கையில் வைத்திருங்கள்.

பதினொரு வருடமாக ஞாயிறு மாலைகளில் நாங்கள் இருவரும் பீர் ருசி பார்ப்போம். பெரிய ஆலைகளில் இருந்து லாரி லாரியாக வருவது அல்ல. சின்ன இடங்களில், நாலைந்து பேர் சேர்ந்து கைப்பக்குவமாகக் காய்ச்சும் கிராஃப்ட் பீர். லேபிளைப் பார்த்தால் நாக்கு பொய் சொல்லும் என்பதால் பாட்டில்களுக்கு சாக்ஸ் மாட்டிவிடுவோம். என் சாக்ஸ், துவைத்தவை. ஒவ்வொன்றுக்கும் நோட்டில் ஒரு கட்டம், கட்டத்துக்கு ஒரு தீர்ப்பு. தீர்ப்புகள் மொத்தம் மூன்று: ‘இன்னொன்று’, ‘போதும்’, ‘விருந்தாளிக்கு’. மூன்றாவதை வாங்கிய பாட்டில்கள் என் அலமாரியில் நிறைய இருக்கின்றன. என் வீட்டுக்கு விருந்தாளிகள் அதிகம் வருவதில்லை. காரணம் இதுவாகவும் இருக்கலாம்.

4

(இந்தப் பகுதியில் கதை நகராது. பீர் பற்றிய கதை என்று நம்பி வந்தவர்களை ஏமாற்றக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.)

மாப்பிள்ளையை அவர் கம்பெனி வெளியூர் வேலைக்கு அனுப்பும்போது நானும் விடுப்பு எடுத்துக்கொண்டு ஒட்டிக்கொள்வேன். பகலில் அவர் லிஃப்ட் பார்ப்பார். சாயங்காலம் நாங்கள் இருவரும் பீர் பார்ப்போம். ஒருமுறை ஒரு துறைமுக ஊரில், மீன்வலைக் கிடங்குக்குப் பக்கத்தில், எட்டு நாற்காலி மட்டும் போட்ட ஒரு கடை. காய்ச்சுகிறவரே ஊற்றித் தந்தார். கறுப்பு பீர். கருகிய ரொட்டியின் ஓரத்தைக் கடித்த மாதிரி ஒரு கசப்பு, பின்னாலேயே ஒரு இனிப்பு. நோட்டில் ஒரே கட்டத்தில் மூன்று தடவை ‘இன்னொன்று’ என்று எழுதியிருக்கிறேன். மூன்றாவதன் கையெழுத்தை என்னால் இப்போது படிக்க முடியவில்லை.

அதே பீர் இரண்டு பாட்டிலை, சட்டையில் சுற்றி, ரயிலில் மடியிலேயே வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தோம். வீட்டில் திறந்தால் கழுவின தண்ணீர்.

"பீர் மாறல மச்சான். அங்க நாம செருப்பக் கழட்டிட்டு ஹாயா உக்காந்திருந்தோம்" என்றார் மாப்பிள்ளை.

அடுத்த ஞாயிறு செருப்பில்லாமல் குடித்துப் பார்த்தோம். வீட்டுக்குள் நாங்கள் என்றைக்குமே செருப்புப் போட்டதில்லை என்பது பாட்டில் காலியான பிறகுதான் உறைத்தது.

அந்தக் கடையில் இன்னொன்றும் நடந்தது. அப்போது நான் கவனிக்கவில்லை. திரும்பி வரும்போது மாப்பிள்ளை சொன்னார்: "அந்த ஆளு ஊத்திட்டு உள்ள போகல பாத்தீங்களா? நாம முதல் வாய் குடிக்கிற வரைக்கும் நின்னு நம்ம மூஞ்சியவே பாத்துட்டு இருந்தாரு." மடியிலிருந்த பாட்டிலை நிமிர்த்தி வைத்துக்கொண்டார். "நம்ம வேலையில யாரு மூஞ்சியப் பாக்க முடியுது மச்சான்? பட்டன அமுக்கினா லிஃப்ட் வரணும். வந்துட்டா நம்மள யாரும் நெனைக்க மாட்டாங்க. வரலைன்னாதான் நெனைப்பாங்க, திட்டறதுக்கு."

நான் ‘ம்’ என்றேன். கதை நகராது என்றேன் அல்லவா, நகர்ந்துவிட்டது. மன்னிக்கவும்.

5

(இந்த இடத்தில் பீரின் வரலாறு இரண்டு பக்கம் இருந்தது. தங்கை படித்துவிட்டு "இது யாருக்கு?" என்று கேட்டாள். எடுத்துவிட்டேன்.)

6

இனி அந்த ஞாயிறு. ஐந்து பாட்டில்கள், ஐந்து சாக்ஸ்கள். நான்காவதில் ஒரு வாய் குடித்தேன்.

முதலில் சாக்ஸைச் சந்தேகித்தேன். முகர்ந்து பார்த்தேன், சுத்தமாகத்தான் இருந்தது. நனைந்த அட்டைப்பெட்டியில் பழைய சாவிக்கொத்தை ஊறப்போட்ட ருசி. புளித்துப்போன பீர் வேறு, வேண்டுமென்றே புளிக்க வைத்த பீர் வேறு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் லேபிளில் இருக்கும். லேபிள் சாக்ஸுக்குள் இருந்தது.

எங்கள் மூன்று தீர்ப்புகளில் எதுவும் இதற்குப் போதவில்லை. இதை விருந்தாளிக்குக் கொடுத்தால் வழக்குப் போடுவார். அதனால் பதினொரு வருடத்தில் முதல் தடவையாக ஒரு புதிய சொல்லை எழுதினேன்: ‘ஊற்றலாம்’.

எங்கே ஊற்றலாம் என்று எழுதவில்லை. கட்டம் சின்னது.

இது எதையும் மாப்பிள்ளை பார்க்கவில்லை, நான் குடிக்கும்முன்பே அவருக்குப் போன் வந்திருந்தது. எந்தக் கட்டிடத்திலோ யாரோ நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் பால்கனிக்குப் போய் அவர்களுக்குத் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் நோட்டில் எழுதியதைத் தொட்டியில் நிறைவேற்றினேன். திரும்பி வந்தவர் காலி டம்ளரைப் பார்த்தார். பிறகு நோட்டைப் பார்த்தார். நோட்டைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார்.

"மச்சான், இந்த வார்த்தைய நீங்க இதுவரைக்கும் எழுதினதே இல்லையே."

"இந்த மாதிரி ஒண்ண நான் இதுவரைக்கும் குடிச்சதே இல்லையே மாப்பிள்ளை."

அவர் பாட்டிலை எடுத்தார். கேட்காமலே என் டம்ளரில் மறுபடி விளிம்பு வரை ஊற்றினார். கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன். அவர் எதிரே நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் விட்டுக்கொடுக்காமல் முழுவதையும் குடித்தேன். சுளிக்கவும் இல்லை. என் வாழ்க்கையில் நான் காட்டிய மிகப் பெரிய வீரம் அதுதான், அதுவும் தப்பான இடத்தில்.

சாக்ஸைக் கழற்றினால் பாட்டிலில் லேபிள் இல்லை.

"வர்ற வழியில கிழிஞ்சிருச்சு போல" என்று கூரையைப் பார்த்துச் சொன்னார் மாப்பிள்ளை. பொய் சொல்லத் தெரியாதவர்.

7

மூன்று வாரம் கழித்துத் தங்கை போன் செய்தாள்.

"அண்ணா, அவர் வேலைய விடறேன்னு எழுதிக் குடுத்துட்டார்."

"ஐயோ, எதுக்கு?"

"என்ன ஐயோ? நீதானே முதல்ல எழுதிக் குடுத்த?"

அந்த லேபிளில்லாத பாட்டில் மாப்பிள்ளை தன் வீட்டுக் குளியலறையில் நான்கு மாதம் யாருக்கும் தெரியாமல் காய்ச்சியது என்பது அப்போதுதான் தெரிந்தது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. அது தெரிந்துதான், தன் நாக்கை நம்பாமல், என் நாக்கிடம் கொண்டுவந்திருக்கிறார். காலி டம்ளரையும் நோட்டையும் பார்த்து, ‘நாலு பேருக்கு ஊற்றித் தரலாம்’ என்று படித்திருக்கிறார். பீர் கடை போட, மூடிக்கிடந்த ஒரு சலவைக்கடையை வாடகைக்குப் பிடித்திருந்தார். பார்க்கப் போனேன். மாப்பிள்ளை ஏணி மேல் நின்று பெயர்ப்பலகைக்குப் பச்சை வண்ணம் அடித்துக்கொண்டிருந்தார். பலகையில் ஒரே சொல்: ஊற்றலாம்.

"எழுத்து சரியா இருக்கா மச்சான்? நோட்டுல உங்க கையெழுத்தப் பாத்துத்தான் வரைஞ்சேன்."

"எழுத்து சரி" என்றேன். அதில் பொய் இல்லை.

(இங்கே எனக்கு மாப்பிள்ளை என்ற பாத்திரத்தின் மேலேயே சந்தேகம் வந்தது. ஒரு சொல்லை நம்பி ஒருவர் பத்தொன்பது வருட வேலையை விடுவாரா? வாசகர் ஏற்பாரா? இரண்டு நாள் யோசித்தேன். அவர் குழிக்குள் இறங்கும்முன் தரைத்தளத்தில் ‘லிஃப்ட் ஓடாது’ என்று ஒரு அட்டையை மாட்டுவார். மேலே இருப்பவர்கள் அதைப் படித்து, அதன்படி நடப்பார்கள் என்று நம்பித்தான் தலைக்கு மேல் ஒரு டன் இரும்பு தொங்க உட்கார்ந்து வேலை பார்க்கிறார். எழுத்தை நம்புவது அவருக்குத் தொழில். ஆகவே பாத்திரம் சரி. கோளாறு என்னுடையது.)

8

ராஜினாமாவை வெள்ளிக்கிழமை மாலைக்குள் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று அவருடைய மேலதிகாரி சொல்லியிருக்கிறார். ஆகவே முடிவுகளை வேகமாகப் பரிசீலிக்க வேண்டியிருக்கிறது.

முடிவு அ: உண்மையைச் சொல்கிறேன். மாப்பிள்ளை விழுந்து விழுந்து சிரிக்கிறார். (லிஃப்ட்காரர்களுக்கு விழுவது என்ற சொல்லே பிடிக்காது.)

முடிவு ஆ: சொல்லவில்லை. பீர் தானாக நன்றாகிவிடுகிறது. (தானாக நன்றாகும் சாமான் எதற்கும் நான் இதுவரை கையேடு எழுதியதில்லை.)

முடிவு இ: சொல்லவில்லை. பீர் நன்றாகவில்லை. பச்சை வண்ணம் அடித்த பலகைக்குக் கீழே மாப்பிள்ளை நின்று முதல் ஆளின் முகத்தைப் பார்த்து –

எழுத வரவில்லை. இந்த இடத்தில் தங்கை உள்ளே வந்தாள். இது கதையில் அல்ல, என் அறைக்குள். அவள் கண்ணாடிக்கடையில் கண் பரிசோதிக்கிறவள். நாள் முழுக்க ஆட்களின் மூக்கின் மேல் சில்லுகளை மாற்றி மாற்றிப் போட்டு ஒரே கேள்வியைக் கேட்பவள். திரையில் இருந்ததைப் படித்துவிட்டு என்னிடமும் அதையே கேட்டாள்.

"ஒண்ணு: அந்த பீர் உனக்குப் பிடிச்சிருந்தது. ரெண்டு: பிடிக்கல. எது தெளிவா இருக்கு?"

"ரெண்டு."

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நானும் ஒரு வாய் குடிச்சேன் அண்ணா. தொட்டியிலதான் கொட்டினேன். அப்புறம் அவர் வந்து உன் நோட்டக் காட்டினார். அண்ணனே எழுதியிருக்கான், நம்ம நாக்குலதான் ஏதோ கோளாறுன்னு நெனச்சேன். அந்த ராஜினாமா கடிதத்த டைப் அடிச்சதே நான்தான்."

எனக்கு வெட்கமாக இருந்தது. வேறு எப்படிச் சொன்னாலும் அது ஜோடனை.

"நீயே சொல்லிடேன்" என்றேன்.

"நான் சொன்னா பொண்டாட்டி காலப் புடிச்சு இழுக்கறான்னு ஆகும். எழுதினவன்தான் திருத்தணும்."

"ரெண்டாவது தடவ காய்ச்சியிருக்காராமே, அது எப்படி இருக்கு?"

"தெரியல. என் நாக்க நான் இப்ப நம்பறதில்ல. முதல்ல அதச் சரி பண்ணிக் குடு."

கையேட்டில் தவறு போய்விட்டால் மொத்தத்தையும் மறுபடி அச்சடிக்க மாட்டோம். ஒரு துண்டுச் சீட்டை உள்ளே செருகுவோம். எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். ஆகவே:

பிழைதிருத்தம். மாப்பிள்ளை, ‘ஊற்றலாம்’ என்ற சொல்லுக்கு முன் ‘தொட்டியில்’ என்று இருந்திருக்க வேண்டும். தவறு முழுக்க என்னுடையது. அதைக் குடித்துக் காட்டியதும் என் தவறு. நாளை மாலை வரை நேரம் இருக்கிறது. என்ன செய்யச் சொல்கிறேன் என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. இரண்டாவது பீரைக் கொண்டுவாருங்கள். சாக்ஸ் வேண்டாம். முழு வாக்கியத்தில் எழுதுகிறேன்.

9

(இந்தப் பகுதி மாப்பிள்ளையிடம் இருக்கும் பிரதியில் இல்லை.)

இன்று வியாழன். மாப்பிள்ளை எங்கள் அலுவலகக் கட்டிடத்து லிஃப்டைப் பார்க்க வரும் நாள். நான் எழுதும் எதையும் முதலில் படிப்பவர் மாப்பிள்ளைதான் என்பதால், உறையை நீட்டியபோது அவர் எதுவும் சந்தேகப்படவில்லை. "புதுக் கதையா மச்சான்? மேல போய் நிதானமாப் படிக்கிறேன்" என்று கருவிப்பையோடு மோட்டார் அறைக்கு ஏறிப் போனார். அதன்பின் லிஃப்ட் ஓடவில்லை.

நான் தரைத்தளத்தில், லிஃப்ட் வாசலில் நிற்கிறேன். கூட்டம் சேர்ந்துவிட்டது. கையில் பெரிய பார்சலோடு ஒரு அம்மா, மூன்றாம் மாடி வக்கீல், அவருடைய கட்சிக்காரர்.

"இன்னும் எவ்வளவு நேரம் ஆகுமாம்?" என்று வக்கீல் கேட்டார்.

"எட்டுப் பக்கம்" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் படிக்கட்டில் ஏறினார். கட்சிக்காரரும் பின்னால் போனார்.

மாப்பிள்ளை கோபமாக வந்தால் பரவாயில்லை, வாங்கிக்கொள்வேன். எனக்குப் பயம் வேறு. ‘சரி மச்சான்’ என்று மட்டும் சொல்லிவிட்டு, கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு, திங்கட்கிழமை ஏதோ ஒரு குழிக்குள் இறங்கிவிடுவார். இன்னும் இருபது வருடம் என்னிடம் முகம் கோணாமல் இருப்பார். அந்தப் பலகையை நான் மறுபடி பார்க்க முடியாது. அவரை நான் காப்பாற்றுகிறேனா, அவருக்குள் எரிவதை அணைத்துவிடுகிறேனா என்பது எட்டுப் பக்கம் எழுதியும் எனக்குப் பிடிபடவில்லை.

வாசலுக்கு மேல் விளக்கு எரிகிறது. 6.

பார்சல் அம்மா "அப்பாடா" என்கிறார். 5. உள்ளே அவர் தனியாக வருகிறார். 4. கதையில் இந்த இடத்தில் ஒரு முடிவு இருக்க வேண்டும் என்பது எனக்கும் தெரியும். கைவசம் மூன்று வைத்திருந்தேன், மூன்றையும் அவர் படித்துவிட்டார். ஆகவே அவர் கொண்டுவருவது நான்காவது. 3. தெரு எனக்குப் பின்னால் பத்தடியில் இருக்கிறது. இன்னும் ஓடவில்லை என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். 2.

ஒரு உதவி செய்யுங்கள். கதவு திறந்ததும் அவர் முகத்தை நீங்கள் பாருங்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். என்ன தெரிகிறது என்று சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன்.