சாக்கு நிறையாத வியாழக்கிழமை

கசில்தாவிடம் தலைவலி மாத்திரை வாங்கப் போனால், மாத்திரையோடு ஒரு சினிமாவையும் தலையில் கட்டிவிடுவாள் என்று ஊரே சொல்லும். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஸ்பெயினில் அந்தச் சின்ன ஊரின் சதுக்கத்து மருந்துக்கடையில் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு நிற்பாள்.

"இருமல் மருந்து மூணு வேளை, சாப்பாட்டுக்கு அப்புறம். வியாழக்கிழமை ராத்திரி ஒரு அர்ஜென்டினா படம், அதுவும் சாப்பாட்டுக்கு அப்புறம்தான். மறந்துடாதீங்க."

"கதை என்னம்மா?" என்று யாராவது மரியாதைக்குக் கேட்டுவிட்டால் போச்சு. வாங்க வந்தவர் இருமலை மறந்து நிற்க, இவள் முதல் காட்சியில் ஆரம்பித்துக் கையை ஆட்டி, குரலை மாற்றி, கண்ணில் தண்ணீர் வைத்து, "முடிவை மட்டும் சொல்ல மாட்டேன்" என்பாள். ஒரு மூச்சு விட்டுவிட்டு அதையும் சொல்லிவிடுவாள்.

படம் ஓடுவது அவளும் அண்ணனும் நடத்தும் சொந்தக் கொட்டகையில்தான். கொட்டகை என்றால் கூரை கிடையாது. நாலு சுவர், இரும்பு நாற்காலிகள், சுவரேறிய மல்லிகை, எதிரே சுண்ணாம்பு அடித்த வெள்ளைச் சுவர். அந்தச் சுவர்தான் திரை. கோடையில் மட்டும், தரையில் வெயிலின் சூடு தணிந்த பிறகு, ஊர்ச் சனம் உருளைக்கிழங்கு ஆம்லெட்டும் வறுத்த மிளகாயும் கட்டிக்கொண்டு வந்து உட்காரும். அப்பா விட்டுப்போன இடம். கசில்தா படத்தைத் தேர்ந்தெடுத்து, பின்னால் உள்ள அறையிலிருந்து ஓட்டுவாள். அண்ணன் எலாதியோ வாசலோரத்துப் பெட்டிக்கடையில் பீரும் சூரியகாந்தி விதையும் விற்பான்.

விதை இல்லாமல் அந்த ஊரில் படம் இல்லை. ஆளுக்கு ஒரு பொட்டலம். பல்லால் கடித்து, உப்பை உறிஞ்சி, பருப்பை எடுத்துக்கொண்டு தோலைக் காலடியில் துப்ப வேண்டும். மறுநாள் காலையில் அண்ணனும் தங்கையும் தோலைக் கூட்டிச் சாக்கில் அள்ளுவார்கள். ரொட்டிக்கடைக்காரர் அடுப்பு மூட்ட வாங்கிப்போவார். சாக்கு நிறைந்தால் படம் நல்ல படம், நிறையாவிட்டால் ஊத்தல். அப்பா காலத்திலிருந்து அதுதான் தராசு. எலாதியோ ஒரு படத்தையும் முழுசாகப் பார்த்தவன் இல்லை. சாக்கைத்தான் பார்ப்பான்.

இத்தனை வருஷமும் அமெரிக்கக் கார் படங்களே ஓடின. எல்லாக் கதாநாயகனுக்கும் டப்பிங்கில் ஒரே ஆளின் குரல். கசில்தாவுக்கு அந்தக் குரலைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். மெக்சிகோவில், பெருவில், உருகுவேயில், நம் மாட்ரிட்டிலேயே எத்தனை நல்ல படம் எடுக்கிறார்கள், நம் ஸ்பானிஷ் பாஷையில், நம்மைப் போலவே கோபப்பட்டுக்கொண்டு! அதைப் பார்க்க ஆள் இல்லையே என்று அவளுக்கு நிஜமாகவே வயிறு எரியும். இந்த வருஷம் அண்ணனிடம் சண்டை போட்டு ஜூலை மாத வியாழக்கிழமைகளை வாங்கிக்கொண்டாள்.

"ஜூலை உனக்கு," என்றான் எலாதியோ. "கடைசி வியாழன் சாக்கு நிறையலைன்னா ஆகஸ்ட்லேருந்து மறுபடி காருதான். அதுக்கப்புறம் வாயைத் திறக்கக் கூடாது."

"சரி. நிறைஞ்சா?"

"நிறைஞ்சா நீ ஆயுசு பூரா அழுகைப் படம் போட்டுக்கோ."

ஜூலை கரைந்தது. ஒவ்வொரு வியாழனும் காலி நாற்காலிகளுக்குத்தான் படம் ஓடியது. திரையில் ஊர்ந்த பல்லிகூடப் பாதியில் போய்விட்டது. கடைசி வாரம் கறிக்கடை பெத்ரா முழங்கால் களிம்பு வாங்க வந்தாள். பெத்ரா சொன்னால் ஊர் கேட்கும். பன்றித்தொடை வாங்க வருகிறவர்கள் அவள் அபிப்பிராயத்தையும் சேர்த்துத்தான் வாங்கிப்போவார்கள்.

"நீங்க ஏன் வர்றதே இல்லை?" என்று கசில்தா கேட்டே விட்டாள். "நம்ம பாஷைப் படம்னா அவ்வளவு இளக்காரமா?"

"நம்ம படம்னா ஒண்ணு உள்நாட்டுப் போர், இல்லைன்னா ஒரு சமையலறை, அதுல ஒருத்தி அழுவா," என்றாள் பெத்ரா. "அதுகூடப் பரவாயில்லைடி. நீதான் முழுக்கதையையும் சொல்லிடறியே! அந்த மெக்சிகோ தபால்காரன் செத்ததுக்கு நான் இங்கயே நின்னு அழுதுட்டுப் போயிட்டேன். மறுபடி இரும்பு நாற்காலியில உட்கார்ந்து வேற அழணுமா?"

கசில்தாவுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஆளை விரட்டியது படம் இல்லை, தன் வாய்தான்! வெட்கமாக இருந்தது. கொஞ்சம் சிரிப்பாகவும் வந்தது.

"சரி, இந்த வாரம் என்ன படம்?" என்றாள் பெத்ரா.

"சிலி நாட்டுப் படம்." கசில்தா நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அதுல ஒரு கிளி வருது."

"கிளி என்ன பண்ணுது?"

கசில்தா உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

"அடியே, கிளி என்ன பண்ணுதுன்னு கேட்டேன்!"

"களிம்பு ராத்திரி மட்டும் தடவுங்க," என்றாள் கசில்தா.

பெத்ரா கதவைப் படாரென்று சாத்திக்கொண்டு போனாள். கறிக்கடையில் அன்று வேறு பேச்சே இல்லை. கசில்தா வாயை மூடிக்கொண்டாள் என்றால் அந்தக் கிளி சாமானியக் கிளியாக இருக்காது என்று ஊர் முடிவு கட்டியது. மருந்துக்கடைக்கு வியாதியே இல்லாதவர்கள் வர ஆரம்பித்தார்கள். "பஞ்சு கொடு. ஆமா, அந்தக் கிளி..." என்று இழுத்தார்கள். சொல்லாமல் இருப்பது அவளுக்கு லேசாக இல்லை. உள்ளே போய்ச் சுவரைப் பார்த்து ஒருமுறை கதையைச் சொல்லிவிட்டு வந்தாள்.

வியாழனன்று கொட்டகை நிரம்பி வழிந்தது. வீட்டு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களும் இருந்தார்கள். பெத்ரா தலையணையோடு முன்வரிசையில் உட்கார்ந்தாள். எலாதியோவுக்குப் பொட்டலம் விற்று மாளவில்லை. "சாக்கு ஒண்ணு பத்தாது போலிருக்கே!" என்று தங்கையைப் பார்த்துக் கத்தினான்.

படம் இதுதான். ஒரே வீட்டில் அக்கா தங்கை. ஏதோ சண்டையில் பேச்சை விட்டுப் பல வருஷம். எதுவானாலும் நடுவில் உள்ள கிளியிடம் சொல்வார்கள். "உப்புக் குறையுதுன்னு அவகிட்ட சொல்லு." கிளி சொல்லும். கொட்டகை விழுந்து விழுந்து சிரித்தது. கறுக் கறுக்கென்று விதை கடிபடும் சத்தம் கசில்தாவின் அறைவரை கேட்டது. அவள் காதுக்கு அது தேனாக இருந்தது.

அப்புறம் ஒரு நாள் கூண்டு திறந்து கிடந்தது. கிளி இல்லை. அக்காவும் தங்கையும் சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். சூப்பில் உப்பு இல்லை. யார் முதலில் வாயைத் திறப்பது?

கசில்தாவுக்குச் சட்டென்று ஏதோ குறைவது போலிருந்தது. காதைத் தீட்டினாள். கறுக் கறுக் நின்றுபோயிருந்தது. எல்லோர் கையிலும் விதை வாய்க்குப் போகாமல் நின்றது. யாரும் கடிக்கவில்லை, யாரும் துப்பவில்லை.

போச்சு, சாக்கு நிறையாது என்று நினைத்தாள். இடைவேளை எப்போது விடுவது என்பது அவள் கையில்தான் இருந்தது. இப்போதே விளக்கைப் போட்டால் பெட்டிக்கடைக்கு ஓடுவார்கள், அரை மணி நேரம் விதை கடிப்பார்கள், சாக்கு தளும்பிவிடும். விரல் விசைக்குப் போனது. திரையில் அக்காவின் உதடு துடித்தது. பெத்ராவின் கொண்டை அசையாமல் இருந்தது.

கசில்தா கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஆகஸ்ட் போனால் போகட்டும். இந்த இடத்தில் விளக்கைப் போடுகிறவள் மனுஷியே இல்லை.

தங்கைதான் வாயைத் திறந்தாள். தன் குரலில் இல்லை, கிளியின் கீச்சுக் குரலில். "உப்புக் குறையுது! உப்புக் குறையுது!"

கொட்டகை வெடித்துச் சிரித்தது. சிரித்துக்கொண்டே பாதிப் பேர் மூக்கை உறிஞ்சினார்கள். அன்று இடைவேளை விட அவளுக்கு மனசே வரவில்லை. கேட்கவும் ஆள் இல்லை.

போகும்போது பெத்ரா தலையணையை இடுக்கிக்கொண்டு அறை வாசலில் நின்றாள்.

"அந்த சிலிக்காரிங்க பாதி வார்த்தையை முழுங்கிடறாளுங்க."

"ஆமா. புரியலையா?"

"ஏன் புரியாம? நாம மட்டும் என்ன, முழுசாவா துப்பறோம்? மாட்ரிட்காரனுக்குத்தான் புரியாது." கொஞ்சம் யோசித்தாள். "மோசமில்லை."

அந்த ஊரில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது. குழந்தை பிறந்தாலும் மோசமில்லை என்றுதான் சொல்வார்கள்.

மறுநாள் காலையில் இருவரும் கூட்டினார்கள். நாற்காலிகளுக்கு அடியில் பிரித்தும் தின்னாத பொட்டலங்கள்தான் கிடந்தன. எலாதியோ சாக்கை ஒரு கையால் தூக்கிக் காட்டினான். துவண்டு தொங்கியது.

"பாதிகூட இல்லை. பேச்சு பேச்சாத்தான் இருக்கணும், கசில்தா."

"பேச்சு பேச்சுதான்," என்றாள். துடைப்பத்தை எடுத்துக்கொண்டு பெட்டிக்கடைப் பக்கம் நடந்தாள்.

"அங்க வேண்டாம்!" எலாதியோ குறுக்கே வந்தான். "அங்க நான் கூட்டிட்டேன்."

பிறந்ததிலிருந்து அவன் அந்த இடத்தைக் கூட்டியதில்லை. கடைக்குள் அவன் உட்காரும் முக்காலியைச் சுற்றி எப்போதும் அவன் துப்பிய தோல் கணுக்கால் ஆழத்துக்குக் கிடக்கும். இன்று தோலும் குறைவு, முக்காலியையும் காணோம். தேடினாள். அது வெளியே, மல்லிகைக்கு அடியில், திரையைப் பார்த்தபடி இருந்தது. அதன்மேல் பிரித்த பொட்டலம் ஒன்று, நிறைய விதையோடு. கீழே ஒரு தோல்கூட இல்லை.

"உள்ளே ஒரே புழுக்கம்," என்றான் எலாதியோ.

கசில்தா உதட்டை இறுக்கிக்கொண்டாள். ஒரு வாரப் பழக்கம், இப்போது நன்றாகவே வந்தது.

எலாதியோ சாக்கைக் கீழே போட்டான். அதைக் காலால் ஓரமாகத் தள்ளினான்.

"கடைசியில அந்தக் கிளி திரும்பி வந்துச்சா? கடன்காரன் எவனோ எழுந்து நின்னு மறைச்சுட்டான்."

கசில்தா வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள்.

"சொல்லித் தொலையேன்டி!"

"அடுத்த வியாழன் மறுபடி போடறேன்," என்றாள். "வந்து பாரு."