பாண்டியன் காலத்து மச்சான்

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். இந்தக் கதையை நான் யோசித்து எழுதவில்லை. ஒரு பனைநார்ப் பெட்டிக்குள்ளிருந்து எடுத்தேன்.

1973 நவம்பர். தூத்துக்குடியில் எங்கள் தெரு வாலிபர் மன்றத்துக்கு நான் ஒரு நாடகம் எழுதினேன். காலம் பாண்டியன் காலம், இடம் கொற்கை, விஷயம் முத்து. ஆனால் ராஜாவிலிருந்து முத்துக் குளிக்கிறவன் வரை எல்லாரும் பேசுவது இன்றைக்கு பீச் ரோட்டில் கேட்கிற பேச்சு. ராணி லீவு கேட்கிறாள். மந்திரி ஓவர்டைம் கிடையாது என்கிறார். குளிக்கிறவனின் பெண்டாட்டி ராஜா முகத்துக்கு நேரே, "உம்ம கிரீடத்துக்கு முத்து வேணும்னா நீரே முங்கும்" என்கிறாள். முடிந்ததும் வாசலில் பெட்டியை வைத்து, பார்த்தவர்கள் அபிப்பிராயம் எழுதிப் போடலாம் என்றோம். அடுத்த ஞாயிறும் ஆட்டம் இருந்தது. திருத்தவேண்டியதைத் திருத்திக்கொள்ளலாம் என்று எனக்கொரு பெருந்தன்மை.

விழுந்த சீட்டுகளில் சில:

"பாண்டியன் டீ குடிக்கிறான். சரித்திரம் தெரியுமா?"

"ராணி எங்க சின்னம்மை மாதிரியே பேசுறா. சின்னம்மைகிட்ட சொல்லிட்டேன். அடுத்த வாரம் வாரா."

"வசனம் ஏ ஒன். ராஜா வாட்ச் கட்டியிருந்தார்." (இதற்கு நான் பொறுப்பில்லை. ராஜாவாக நடித்த கிருபாநிதி கழற்ற மறந்துவிட்டான்.)

"அந்தக் காலத்துப் பொம்பளை இப்படிப் பேசமாட்டாள்." அதன் கீழேயே வேறு மையில்: "பேசியிருப்பாள். எழுதி வச்சவன் ஆம்பளை."

கடைசியாக ஒரு சீட்டு. பெயர் இல்லை. ஒரே வார்த்தை.

"சிரிக்கல."

2

ஆரம்பம், முதல் முயற்சி: "கடல் அன்று அமைதியாக" (வேண்டாம். கடலைப் பார்த்தவர்கள் எல்லாரும் இப்படித்தான் தொடங்குகிறார்கள்.)

இரண்டாவது: "சிலுவை ஒரு பொல்லாத" (அடித்துவிட்டேன். அவர் மேல் எனக்குக் கோபம் இருந்த இரண்டு நாளில் எழுதியது. ஆள் அப்படி இல்லை.)

மூன்றாவது, நேராகவே சொல்வது.

என் பெயர் எஸ்றா. நாசரேத்துக்காரன். துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் டைப்பிஸ்ட். பிளாரன்ஸ் அக்கா வீட்டு மாடியில் குடியிருக்கிறேன். அக்காவின் புருஷன் இஞ்ஞாசி, சங்கு குளிக்கப் போகிறவர். அக்காவின் அண்ணன் சிலுவை. இஞ்ஞாசி கடலுக்குள் இறங்கினால் மேலே வள்ளத்தில் கயிறு பிடிப்பவர் அவர்தான். அது இந்தக் கரை வழக்கம். குளிக்கிறவனின் கயிறு அவன் பெண்டாட்டி கூடப்பிறந்தவன் கையில்தான் இருக்கவேண்டும். தங்கச்சி தாலியைத் தானே அறுக்க எவனுக்கும் கை வராது என்கிற நம்பிக்கை. கீழே மூச்சு முடியும்போது கயிறு ஆடும். ஆடிய அந்த நொடியே இழுக்கவேண்டும்.

என் நாடகத்தில் கயிறு ஆடுகிறது, மச்சான் இழுக்கவில்லை. பக்கத்து வள்ளத்துக்காரனோடு குழம்புக்குப் புளி போதுமா என்று தகராறு. ஆடுகிற கயிற்றைப் பார்த்து, "இருடே, பேசிட்டிருக்கம்லா" என்கிறான். கூட்டம் உருண்டு புரண்டது.

(அடிக்குறிப்பாகப் போடவேண்டியது, மேலேயே கிடக்கட்டும்: இது என் கற்பனை இல்லை. போன வருஷம் நடந்தது. இஞ்ஞாசி மூக்கில் ரத்தத்தோடு மேலே வந்திருக்கிறார். வீட்டில் அதை வேடிக்கையாகச் சொன்னார். அக்கா எனக்குச் சோறு போடும்போது சொன்னாள். நான் அதைக் கொண்டுபோய்ப் பாண்டியன் காலத்தில் வைத்தேன். அவ்வளவு தூரத்தில் யாருக்கு முகம் தெரியப்போகிறது என்று நினைத்தேன்.)

3

இந்த இடத்தில் கொஞ்சம் கட்டுரை வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மன்றத்துக்கு ஆலோசகர் தேவபிரசாதம் சார், தமிழ் வாத்தியார். டீக்கடையில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏலே எஸ்றா, பாண்டியன் சபையில ஓவர்டைம் உண்டா?"

"இல்லன்னு கல்வெட்டு இருக்கா சார்?"

"வாய் மட்டும் இல்லன்னா ஒன்னைய நாய் தூக்கிட்டுப் போயிரும். பழைய காலம்னா அதுக்கொரு நடை வேணும்லா. செந்தமிழ்ல மாத்து. நானே உக்காந்து திருத்தித் தாரேன்."

"அவங்க சந்தையில மீன் வாங்கும்போதும் செந்தமிழா சார்?"

சார் டீயை ஆற்றிக்கொண்டே யோசித்தார். "சந்தைய எவன்ல நாடகமா போடுதான்?"

என் கட்சி இதுதான். கொற்கையில் இருந்தவர்களுக்கு அவர்கள் காலம் பழைய காலம் இல்லை, அதுதான் இன்று. அவர்கள் பேச்சு அவர்கள் காதுக்குப் புதுசாகத்தான் இருந்திருக்கும். அதை நாம் புதுசாகக் கேட்கவேண்டுமென்றால் நம் பேச்சில்தான் கேட்கமுடியும். இந்த வாதத்தில் எனக்கு அன்றும் சந்தேகம் இல்லை, இன்றும் இல்லை. இது சரியான வாதம் என்பதுதான் பிரச்சினையே. அடுத்த பகுதியைப் பாருங்கள்.

4

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சிலுவை அண்ணன் வந்தார். வாசல்படியைத் தாண்டி உள்ளே வரவில்லை.

"கயிறு பிடிச்சவன் யாருல?"

"அது பாண்டியன் காலத்து ஆளுண்ணே."

"பாண்டியன் காலத்து ஆளு என்னைய மாதிரி ஏன் பேசுதான்? நான் கரையில நடந்தா 'மச்சான், கயிறு ஆடுது'ன்னு கூப்பிடுதானுவ. வாத்தியார் சொல்லுத ராஜா பாஷையில பேசியிருந்தாம்னா அவன் எவனோ ஒருத்தன். நானும் சிரிச்சிட்டுப் போயிருப்பேன். நீ பேசவிட்ட பேச்சுல அது நான்."

 

அவர் தங்கச்சியிடம் திரும்பினார். "வள்ளத்துல நடந்தத ஒம் மாப்பிள வீட்டுல வந்து சொல்லிருக்கான். நீ அத மாடியில குடியிருக்கவன்ட்ட சொல்லிருக்க. திங்கக்கிழம சங்குக்கு இறங்குதாங்க. நான் ஏறல. வேற கையப் பாக்கச் சொல்லு."

உள்ளே வலை ஓரத்தில் உட்கார்ந்திருந்த இஞ்ஞாசி அண்ணன் குரல் மட்டும் வந்தது. "வேற கையில குடுக்கமாட்டேன். கயிறு இல்லாமலே முங்குதேன்."

சிலுவை போய்விட்டார். பிளாரன்ஸ் அக்கா மாடிப்படியில் உட்கார்ந்தாள்.

"ஏல எஸ்றா, அவரு சொன்னதச் செய்யுத ஆளு. கயிறில்லாம இறங்குவாரு. நீ அந்தப் பாஷைய மாத்திரு."

"மாத்துனா நாடகம் செத்துரும்க்கா."

அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுத மூன்று வாக்கியம் டைப் அடித்தேன். மூன்றையும் அடித்துவிட்டேன்.

5

மாற்றினேன். புதன், வியாழன் இரண்டு நாள் உட்கார்ந்து மாற்றினேன்.

"மைத்துனரே, கயிறு அசைகின்றது." "சற்றே பொறுத்தருள்க. யாம் உரையாடிக்கொண்டிருக்கின்றோம்."

அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டுச் சொன்னாள்: "நல்லாத்தான் இருக்கு. யாருக்கும் ஒண்ணும் ஆவாது போல."

அதைவிடக் கடுமையான விமர்சனம் எந்தச் சீட்டிலும் வரவில்லை. கயிற்றின் அந்தப் பக்கம் ஆளே இல்லாத மாதிரி ஒரு தமிழ்.

இஞ்ஞாசி அண்ணனிடம் போனேன். நான் நாடகம் எழுதுவதற்கு முன்னாலேயே கேட்டிருக்கவேண்டிய கேள்வியை அப்போதுதான் கேட்டேன்.

"மேல வந்தப்புறம் என்னண்ணே நடந்துச்சு?"

"எப்போ?"

"மூக்குல ரத்தம் வந்த அன்னைக்கு."

அவர் வாசலை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "மச்சான் என் காலப் பிடிச்சிட்டு உக்காந்துட்டாரு. கரைக்கு வார வரைக்கும் விடல."

"இத ஏன் அக்காகிட்ட சொல்லல?"

"அது சிரிப்பு இல்லல்லா. சிரிப்ப மட்டும்தான் வீட்டுக்குக் கொண்டாந்தேன்."

நானும் சிரிப்பை மட்டும்தான் மேடைக்குக் கொண்டுபோயிருக்கிறேன். பேச்சு சரியாக இருந்தது. பாதி ஆள்தான் பேசினான். வெள்ளிக்கிழமை இன்னொரு பிரதி அடித்தேன். அதே பேச்சு, அதே புளி, அதே சிரிப்பு. பிறகு மச்சான் இழுக்கிறான், ரத்தத்தைப் பார்க்கிறான், கயிற்றைக் கீழே போட்டுவிட்டுக் காலைப் பிடிக்கிறான்.

6

ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயில் மதிலோரம் சிலுவை அண்ணன் தனியாக நின்றார். இரண்டு பிரதியும் கொண்டுபோனேன். எதைப் போடவேண்டுமென்று அவரே சொல்லட்டும் என்றேன். அவர் வேண்டாம் என்றால் அந்தக் காட்சியையே எடுத்துவிடுவேன் என்றும் சொன்னேன். (இதை ஒரு தடவைதான் சொன்னேன், அதுவும் மெதுவாக. வீரம் கொஞ்சம் குறைவுதான்.)

இரண்டையும் படித்துக் காட்டினேன். செந்தமிழைக் கேட்டார். தலையாட்டினார். மற்றதைக் கேட்டார். தலை ஆடவில்லை. நான் கடைசி வரியை முடித்ததும் தலையைத் தூக்கினார்.

"கயித்தக் கீழ போட்டுட்டான்னு எழுதிருக்க."

"ஆமாண்ணே. பதட்டத்துல."

"வள்ளத்துல கயிறு சும்மா கிடக்கக்கூடாது தம்பி. அடுத்தவன் கால்ல சிக்கும். சுருட்டி வச்சேன். சுருட்டி வச்சிட்டுத்தான் அவன் காலப் பிடிச்சேன்."

"பிடிச்சான்" இல்லை, "பிடிச்சேன்" என்றார். இரண்டு பேருக்கும் அது கேட்டது.

"அப்ப எந்தப் பாஷையில போட, அண்ணே?"

"கயிறு சுருட்டுததுக்கு ஒங்க வாத்தியார்ட்ட வார்த்த இருக்கா?"

"கேக்கணும்."

"கேக்காண்டாம்."

"நாளைக்கு வள்ளத்துல..."

"அதையும் எழுதப்போறியோ?" என்றார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தார்.

7

அன்று ராத்திரி ஆட்டம் எங்கள் பேச்சிலேயே நடந்தது. புளிக்குச் சிரித்தார்கள். கயிறு சுருட்டுகிற இடத்தில் சோடாக்கடைச் சத்தம்கூட இல்லை. முன்வரிசையில் தேவபிரசாதம் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிலுவை அண்ணன் வந்திருந்தாரா தெரியாது. மேடை விளக்கு கண்ணில் அடித்தது.

இப்போது திங்கட்கிழமை, விடிந்துகொண்டிருக்கிறது. இந்தக் கதைக்கு மூன்று முடிவு யோசித்து வைத்திருந்தேன். ஒன்றில் அவர் ஏறுகிறார். ஒன்றில் ஏறவில்லை. மூன்றாவதில், கடைசி நிமிஷத்தில் ஓடி வந்து (போதும், அது சினிமா.)

மூன்றையும் எழுதமாட்டேன். எழுதத் தெரியாமல் இல்லை. மிக நன்றாகவே எழுதுவேன். அந்த வள்ளத்திலிருந்து கேட்காமல் ஒரு தடவை எடுத்தாயிற்று. இரண்டாம் தடவை எடுக்கமாட்டேன்.

கடல் பக்கத்து ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் டைப் அடிக்கிறேன். கீழே இஞ்ஞாசி அண்ணன் கடலுக்குக் கிளம்பிப் போய்க் கொஞ்சநேரம் ஆகிறது. பிளாரன்ஸ் அக்கா வாசலில் நிற்கிறாள், கதவு இன்னும் சாத்தப்படவில்லை. உங்களுக்குத் தெரிந்தே ஆகவேண்டுமென்றால் எழுந்து போய் அவள் பக்கத்தில் நில்லுங்கள். அங்கிருந்து வள்ளங்கள் நன்றாகத் தெரியும். கயிறு யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள்.

பார்த்துவிட்டு என்னிடம் சொல்ல மாடிக்கு வராதீர்கள்.