ஐந்து மூலை வெளிச்சம்

பால்கனிக் கதவு வழியாக வெயில் நேராக உள்ளே விழும் நேரம் பார்த்துப் போட்டோக்காரி தன் கணவனை ஒரு ஸ்டூலில் உட்கார வைத்தாள். எதிரே மூன்று கால் ஸ்டாண்டின் மேல் அந்தக் கனத்த கேமரா. தலையைக் குனிந்து மேலே இருக்கும் சின்னத் திரையில் பார்க்கும் பழைய வகை. அதில் மாட்டியிருந்த அகலக் கோண லென்ஸ் அதைவிடப் பழையது.

"இன்னிக்கு நான் யாரு?" என்றான் கணவன், டீ டம்ளரை ஊதிக்கொண்டே.

"உங்க அக்கா."

"அப்போ முறைக்கணுமா?"

"முறைங்க. ஆனா அசையாதீங்க."

போட்டோக்காரி என்பதே அந்த அக்கா, அதாவது இவள் அண்ணி என்று கூப்பிடும் நாத்தனார், செல்லமாக வைத்த பெயர்தான். ஒரு படம் வந்து சேர்ந்த நாளிலிருந்து அந்தச் செல்லம் போயேபோய்விட்டது. இப்போது வீட்டுக்கு வந்தால்கூடத் தம்பியிடம்தான் பேச்சு. இவளிடம் பேச வேண்டியதையும் தம்பியைப் பார்த்தே சொல்லிவிட்டுப் போவாள்.

நாத்தனார் ஒரு தையல் கூடத்தில் மேற்பார்வை. ஒரு காலத்தில் அந்தக் கூடம் நான்கு பக்கமும் அடைத்த பெட்டி. ட்யூப்லைட் வெளிச்சத்தில் தைத்துத் தைத்துப் பெண்களுக்கெல்லாம் கண்ணில் நீர் வடியும், தலைவலி மண்டையைப் பிளக்கும். நாத்தனார் முதலாளியை விடாமல் நச்சரித்தாள். கெஞ்சினாள், சண்டை போட்டாள், ஒரு நாள் எல்லா மெஷினையும் நிறுத்திவிட்டுக் கைகட்டி உட்கார்ந்தாள். கடைசியில் சுவரை உடைத்துக் கூரை வரைக்கும் உயர்ந்த ஒரு ஜன்னல் வைத்தார்கள். அந்த ஜன்னலுக்கு முன்னால் எல்லாரும் நிற்க ஒரு படம் வேண்டும் என்று அவள் கேட்டது ஒன்றும் பெரிய ஆசையில்லை.

படத்தில் எல்லாரும் இருந்தார்கள். ஜன்னலின் மேல்பாதி படத்துக்கு வெளியே போய்விட்டது, ஆனால் அங்கிருந்து வந்த வெயில் லென்ஸில் பட்டு, உள்ளேயே முட்டி மோதி, ஐந்து மூலை கொண்ட வெள்ளைத் திட்டாக வந்து உட்கார்ந்தது. உட்கார வேறு இடம் கிடைக்காதது போல, சரியாக நாத்தனார் முகத்தில்.

தப்பு அதோடு நிற்கவில்லை. போட்டோக்காரிக்கு அது பிடித்துப்போயிற்று. வெளிச்சமே இறங்கிவந்து அண்ணியின் முகத்தைத் தொட்டது மாதிரி இருக்கிறதே என்று பூரித்துப்போய், பெரிதாகப் பிரிண்ட் போட்டுக் கண்ணாடிச் சட்டம் மாட்டி, கூடத்துக்கே எடுத்துப்போய்க் கொடுத்தாள். பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "அக்கா முகத்துல பல்பு எரியுது!" நாத்தனார் சிரிக்கவில்லை. "ஜன்னல் கேட்டவ முகம் மட்டும் இல்ல," என்று மட்டும் சொன்னாள்.

இப்போது தையல் கூடத்துக்குப் பக்கத்து மனையில் கட்டடம் எழும்பிக்கொண்டிருக்கிறது. சாரம் ஜன்னல் விளிம்பைத் தொட்டுவிட்டது. அடுத்த வாரம் சுவர் வந்து மறைத்துவிடும் என்று கணவன் சொன்ன அன்றே அவள் போனை எடுத்தாள்.

"அண்ணி, இன்னொரு தடவை எடுக்கறேன்."

"எதுக்கு? மிச்சம் இருக்கற முகத்தையும் அழிக்கவா?"

போன் வைக்கப்பட்டது. அவள் மறுபடி கூப்பிட்டாள். மறுபடி வைக்கப்பட்டது. முதலாளியை நச்சரித்தது எப்படி என்று அண்ணியிடம் கேட்டுக் கேட்டு மனப்பாடமாகியிருந்ததால் அவளும் விடவில்லை. சனிக்கிழமை டீ இடைவேளை என்று கடைசியில் ஒப்புதல் வந்தது, அதுவும் தம்பி மூலமாக.

அதனால்தான் கணவன் ஸ்டூலில் முறைத்துக்கொண்டிருந்தான். அவள் லென்ஸின் பாகங்களை ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டாள். கீறல் படக்கூடாதென்று முன்னால் மாட்டிவைத்திருந்த ஃபில்டர் முதல் குற்றவாளி. மலிவுக் கண்ணாடி, வெயிலைத் திருப்பித் திருப்பி அடித்தது. கழற்றி எறிந்தாள். பெயின்ட் உரிந்து பளபளத்த உள்வளையத்துக்கு மங்கலான கறுப்புப் பூசினாள். மறைப்புக்கு இருந்த ஹூட் வேறொரு நீள லென்ஸுக்கானது. இதில் மாட்டினால் படத்தின் நாலு மூலையும் இருண்டுவிடும். அது இல்லாமலேயே எடுத்துப் பழகியதுதான் வினையாகியிருந்தது. அதைவிட மோசமான ஒன்றும் தெரிந்தது. லென்ஸ் அகலத் திறந்திருக்கும்போது திரையில் வெறும் வெண்புகைதான். படம் எடுக்கும் அளவுக்கு, உள்ளே ஐந்து தகடுகள் சேர்ந்து மூடும் துளையைச் சுருக்கினால் அந்தப் புகை இறுகி, கணவன் மூக்கின் மேல் ஐந்து மூலையோடு வந்து நின்றது. முதல் படம் எடுத்த அன்று சுருக்கிப் பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

"மூக்குலயா? விடு, எடுப்பா இருக்கும்," என்றான் கணவன்.

லென்ஸுக்கு மேலே ஒரு கறுப்பு அட்டையைப் பிடித்தாள். நிழல் சரியாகக் கண்ணாடியை மூடியதும் திட்டு அணைந்தது. ஒரு விரற்கடை தாழ்ந்தால் அட்டையே படத்துக்குள் வந்தது. உயர்ந்தால் திட்டு திரும்பியது. முடியும் என்பது மட்டும் உறுதியாயிற்று.

சனிக்கிழமை கூடத்தில் டீயைக் குடித்துவிட்டுப் பெண்கள் ஜன்னல் முன் வரிசையாக நின்றார்கள். வெயில் மேல் கண்ணாடிகள் வழியாகச் சரிந்து தரையில் நீளப் பட்டைகளாகக் கிடந்தது.

"மேல ஒரு துணி கட்டிட்டா என்ன?" என்றாள் ஒரு பெண்.

"ஜன்னலே வெயிலுக்குத்தான். அதை மூடிட்டுப் படம் எதுக்கு?" என்றாள் நாத்தனார், யாரையும் பாராமல்.

"போன்ல எடுத்தா ஒரு நொடி வேலை அக்கா."

"அதுல எத்தனையோ எடுத்தாச்சு. எங்க இருக்கு எதுவும்?"

போட்டோக்காரிக்கு அதைக் கேட்டதும் கொஞ்சம் தெம்பு வந்தது. ஆனால் அட்டையை ஒரு கையில் பிடித்துக் குனிந்தபோதுதான் சிக்கல் புரிந்தது. வீட்டில் மற்ற ஜன்னல்களின் திரைச்சீலையை இழுத்துவிட்டு அரையிருட்டில் பார்த்திருந்தாள். இந்த வெளிச்சக் கூடத்தில் லென்ஸைச் சுருக்கியதும் திரை கறுத்துவிட்டது. நிழல் விழுந்ததா இல்லையா என்று எட்டிப் பார்த்தால் கையும் கூடவே நகர்ந்தது.

"யாராவது ஒருத்தர் இதைப் பிடிக்க முடியுமா?"

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிடிப்பவள் படத்தில் இருக்கமாட்டாள்.

"யாரும் வரமாட்டாங்க. ஒருத்தி முகம்கூட விட்டுப்போகக் கூடாது," என்றாள் நாத்தனார்.

முதலாளி வாசலில் வந்து நின்று கடிகாரத்தைப் பார்த்தார். தோற்றுப்போய் இந்தக் கேமராவைத் தூக்கிக்கொண்டு நடப்பதற்கு அவள் வரவில்லை.

"அண்ணி, நீங்கதான் எதிர்ல நிக்கறீங்க. லென்ஸ் உங்களுக்குத்தான் தெரியும். கண்ணாடி மேல வெயில் மினுங்குதா?"

நாத்தனார் தம்பியைத் தேடுவதுபோல வாசல் பக்கம் பார்த்தாள்.

"அண்ணி. நான் குருடு மாதிரி பிடிச்சிட்டிருக்கேன். நீங்க சொன்னாதான் ஆகும்."

"மினுங்குது," என்றாள் நாத்தனார். இவளிடம், நேராக.

"இப்ப?"

"பாதி. இன்னும் கீழ. அய்யோ அவ்வளவு இல்ல, அட்டை கண்ணாடியையே மறைக்குது. கை ஏன் இப்படி ஆடுது உனக்கு? சாப்பிட்டியா இல்லியா? மேல கொஞ்சம். இந்தப் பக்கம். இந்தப் பக்கம்டி, என் கையைப் பாரு!"

பெண்களில் ஒருத்திக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"நில்லு. அங்கேயே நில்லு. கறுப்பாயிடுச்சு. அமுக்கு, போட்டோக்காரி, அமுக்கு!"

அமுக்கினாள்.

அன்று மாலையே ஃபிலிமைக் கழுவிக் குளியலறைக் கொடியில் தொங்கவிட்டாள். ஈரம் சொட்டச் சொட்டக் பூதக்கண்ணாடியை அதன் அருகே பிடித்துக் குனிந்தாள். நெகட்டிவில் ஜன்னல் கரிக்கட்டையாய்க் கறுத்து நின்றது. அதன் முன்னால் நாத்தனார், ஒரு கையை நேராக லென்ஸை நோக்கி நீட்டியபடி, வாயைத் திறந்து அதட்டிக்கொண்டிருந்தாள். நெற்றிச் சுருக்கம்வரை தெரிந்தது. சுற்றி நின்ற பெண்களில் ஒருத்திகூடக் கேமராவைப் பார்க்கவில்லை. எல்லாருடைய முகமும் சிரிப்போடு அவள் பக்கம் திரும்பியிருந்தது.