நிமிடத்துக்கு எத்தனை சிமிட்டல்

"பன்னெண்டு" என்றார் யதிராஜன், மீட்டரின் சிவப்பு விளக்கிலிருந்து கண்ணை எடுக்காமலே.

நிமிடம் முடிந்ததென்று இந்து போனைக் காட்டினாள். வீட்டில் மற்றதெல்லாம் அணைத்திருந்தது. பின்கட்டில் அவளுடைய கம்ப்யூட்டர் மட்டும் ஓடியது. கரண்டு கூட இழுக்க இழுக்க விளக்கு வேகமாகச் சிமிட்டும்.

முன்கட்டுக்கும் பின்கட்டுக்கும் ஒரே மீட்டர். இரண்டு தடவையாகக் கரண்டு பில் இரட்டிப்பாக ஏறியிருந்தது. ராஜபாளையத்து மில்லுக்குப் பஸ் ஏறிப்போகும் குடித்தனக்காரன் ரத்தினம் மகள் இந்துவின் வேலைக்கென்று இறக்கிய கம்ப்யூட்டர்தான் குடிக்கிறது என்று யதிராஜன் தீர்மானித்தார். அதோடு நிற்கவில்லை. கோயில் வாசல் பூக்கடையில் நாலு பேர் கேட்க, "சொல்லாம எடுத்துண்டா அதுக்குப் பேர் திருட்டுதானே" என்றுவிட்டார்.

ரத்தினம் சத்தம் போடவில்லை. காலையில் வந்து நின்றான். "எங்க கம்ப்யூட்டர்தான்னா இன்னைக்கே காலி பண்ணுதேன் சாமி. இல்லேன்னா அதே பூக்கடையில போய் நீங்க சொல்லணும். எண்ணுறதும் நீங்களே எண்ணுங்க. உங்க வாயில பொய் வராதுன்னு ஊருக்கே தெரியும்."

அந்தக் கடைசி வார்த்தைதான் அவரைக் கொல்லைச் சுவரோரம் நிறுத்தியிருந்தது.

கம்ப்யூட்டரை அணைத்து ஃபிரிட்ஜைப் போட்டார்கள். ஒன்பது.

"அவ்வளவுதான். விளக்கு, ஃபேன் தவிர இந்தாத்துல வேற ஆடம்பரம் கிடையாது."

"ஹீட்டர் இருக்குல்லா தாத்தா?" என்றாள் இந்து.

அது அவர் நினைப்பிலேயே இல்லை. விடியலில் கிணற்றுத் தண்ணீரை வாளியோடு கவிழ்த்துக்கொள்கிறவர். அம்மாவின் முழங்கால் வலிக்கென்று மகன் த்ருவ் ஐப்பசியில் வந்து மாட்டிவிட்டுப் போனது.

"வஞ்சுளம், ஹீட்டரைப் போடு" என்று உள்ளே இருந்த மனைவிக்குக் குரல் கொடுத்தார்.

குளியலறைக்குள் சுவிட்ச் தட்டும் சத்தம் கேட்டது. விளக்கு அணையாமல் நின்றுவிட்டதாகவே முதலில் நினைத்தார். பிறகுதான் அது துடிக்கிற வேகம் பிடிபட்டது. நாற்பதைத் தாண்டியதும் எண்ணுவதே ஓட்டமாகிவிட்டது. வேறு யாரும் எண்ணவில்லை. இருபது என்றாலும் நம்புவார்கள். அப்படி ஒரு நினைப்பு தனக்கு வந்ததே அவருக்கு முதுகில் அடி விழுந்தாற்போல இருந்தது. நிமிர்ந்து நின்றார்.

"நூத்தியாறு."

ரத்தினம் சிரிக்கவில்லை. குளியலறைக் கதவைப் பார்த்தான். "அம்மா ஒரு நாளைக்கு எத்தன தடவ குளிக்காவ சாமி?"



"நாலு தடவப்பா" என்றாள் இந்து. "நான் கொடியில துணி காயப்போட வந்த அன்னைக்கு ஆறு."

"ஏட்டி, சும்மா இரி."

"எண்ணிருக்கேன்ப்பா. நான் உள்ள போனதும் தண்ணி ஊத்துற சத்தம் கேக்கும்."

ஹீட்டர்தான் என்று பூக்கடையில் சொல்லிவிடலாம். அதற்கு அவர் அஞ்சவில்லை. ஒரு நாளைக்கு எதற்கு மாமிக்கு இத்தனை குளியல் என்று அங்கே யாராவது கேட்டால்?

குளியலறைக் கதவு திறந்தது. ஹீட்டரைப் போட்ட கையோடு குளித்தும் முடித்திருந்தாள் வஞ்சுளவல்லி. மடிப்புடவை ஈரமாக உடம்பில் ஒட்டியிருந்தது. எதிரே சமையலறை வாசல், நடுவில் இந்து. எப்போதும் மாமி வரும்போது மேலே பட்டுவிடாமல் சுவரோடு ஒண்டிக்கொள்கிற பெண். இன்று நின்ற இடத்திலேயே நின்றாள்.

"நகரச் சொல்லுங்கோளேன்" என்றாள் வஞ்சுளவல்லி கணவரிடம்.

இந்துவும் அவரைத்தான் பார்த்தாள். புடவை நுனியிலிருந்து சொட்டிய நீர் கல்தளத்தின் சரிவில் மெல்ல ஓடி, இந்துவின் வெறுங்காலைத் தொட்டு, இரண்டாகப் பிரிந்து போய்க்கொண்டிருந்தது.