வெறும் கொக்கி

தரையைக் கூட்டிவிட்டு நிமிர்ந்தபோதுதான் ஹிலரி அந்த வெறும் கொக்கியைப் பார்த்தாள். கல்லாவுக்கு மேலே, புகையேறிக் கறுத்த உத்தரத்தில் பதினோரு கொக்கிகள். தினமும் வருகிறவர்களின் வெள்ளீயக் குவளைகள் அவற்றில் தொங்கும். நான்காவது, பெரியவர் வில்ஃபுடையது. ஹிலரி வாங்கி நடத்தும் ‘கலப்பை’ என்ற அந்த முந்நூறு வருடத்துப் பப்பில், ஒருவர் தன் குவளையை வீட்டுக்கு எடுத்துப்போனால் இனி வரமாட்டார் என்று பொருள். அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

சமையற்கட்டிலிருந்து டோனா எட்டிப் பார்த்தாள். “வில்ஃப் குவளை எங்க? என்ன பண்ணித் தொலைச்ச?”

“நேத்து நீ லீவு. எட்டுப் பேரு, அடுப்புப் பக்கத்துலதான் வேணும்னாங்க. அந்தப் பெஞ்சுல ‘முன்பதிவு’ அட்டையை வெச்சேன்.”

“அவரு பெஞ்சுலயா? போன ஓனரு கிறிஸ்துமஸ் சாப்பாட்டுக்குக் கூட அந்த மூலையைத் தரமாட்டாரு.”

“எங்கிட்ட யாரும் சொல்லலையே.”

“சொல்லணுமா என்ன?”

அதுதான் இந்த ஊர். நேற்று வில்ஃப் வழக்கம்போல் பன்னிரண்டு மணிக்கு வந்தார். அட்டையைப் படித்தார். கோட்டின் பொத்தானைக்கூடக் கழற்றாமல் கல்லாவில் சாய்ந்து நின்று குடித்தார். அவள் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோது, “பரவால்ல கண்ணு, நின்னாத்தான் முதுகுக்கு நல்லது” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை அவள் நம்பிவிட்டாள். வான்கோழித் தட்டுகளோடு ஓடியதில், அவர் குவளையைக் கழுவித் துடைத்துக் கோட்டுக்குள் வைத்ததை அவள் பார்க்கவில்லை.

இங்கே வந்த முதல் குளிர்காலம் அவளுக்கு நினைவுக்கு வந்தது. ஏழு வாரம் யாரும் அவளிடம் வானிலையைத் தவிர வேறெதுவும் பேசவில்லை. பிறகு ஒருநாள், “இன்னைக்கு பீர் நல்லா இருக்கு” என்றார் வில்ஃப். மறுநாளிலிருந்து எல்லோரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்கலாமா? கேட்டால், அவர் புண்பட்டதாக ஊருக்கே அறிவித்ததாகிவிடும். அதை அவர் மன்னிக்கமாட்டார்.

மூன்று நாள் அவர் வரவில்லை. “வில்ஃபுக்குச் சளி போல” என்றார் தினமும் வருகிறவர்களில் ஒருவரான கிளைவ், கண்ணை உத்தரத்தின் பக்கமே திருப்பாமல். அது பொய் என்று இருவருக்கும் தெரியும்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் நண்பகலில் ஊர் முழுக்க இலவசமாக உலர்பழப் பணியாரமும் சூடான மசாலா ஆப்பிள் சைடரும் சாப்பிட வரும். ஹிலரி ‘முன்பதிவு’ அட்டைகளையெல்லாம் எடுத்து இழுப்பறைக்குள் போட்டாள். ஒரு மணி நேரத்தில் நிற்க இடமில்லை. கிறிஸ்துமஸ் தாள் கிரீடம் வைத்த கிளைவ் கதவிடுக்கில் நசுங்கிக்கொண்டிருந்தார். ஆனாலும் அடுப்பருகே அந்தப் பெஞ்சில் யாரும் உட்காரவில்லை. அவள் யாரிடமும் சொல்லவில்லை. வெளியூர்க்காரர் ஒருவர் உட்காரப் போனபோது, “அங்க காத்து அடிக்கும்ங்க” என்று கிளைவ் தடுத்தார்.

“நெருப்புக்குப் பக்கத்துலயா?”

“பயங்கரமா அடிக்கும்.”

கதவு திறந்தது. வில்ஃப் உள்ளே வந்தார். கூட்டம், திரும்பிப் பார்க்காமலே வழி விட்டது. அவர் பெஞ்சைக் கொஞ்ச நேரம் பார்த்தார், பிறகு ஏதோ தவறிப்போய் அங்கே வந்தவர்போல உட்கார்ந்து தொப்பியைப் பக்கத்தில் வைத்தார். கோட்டைக் கழற்றவில்லை. அதன் வலது பை கனமாகத் தொங்கியது.

ஹிலரியின் கை, சொந்தக் குவளை இல்லாதவர்களுக்காக அலமாரியில் இருந்த கண்ணாடிக் கோப்பைவரை போய் நின்றது. எடுக்கவில்லை. கையைத் துணியில் துடைத்துக்கொண்டு பீர்க் குழாயின் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றாள். அந்தப் பக்கம், நெருப்பின் சூட்டில், வில்ஃப் கோட்டின் முதல் பொத்தானைத் தேடிக்கொண்டிருந்தார்.