நிமிர்ந்து நின்ற அண்ணன்

"என் குச்சிய எங்கம்மா வச்ச?"

ஒச்சாயி கேசரியைக் கிண்டிக்கொண்டிருந்தாள். சமையலறை வாசலில் நின்ற அழகுபாண்டி மூன்றாவது தடவை கேட்டபோதுதான் வாயைத் திறந்தாள்.

"பரண்ல கெடக்கு. தங்கச்சி சுபாவப் பொண்ணு பாக்க வாராக. உனக்குக் கண்ணு தெரியாதுன்னு அவுககிட்டச் சொல்லல. இன்னைக்கு ஒரு நாள் குச்சி இல்லாம இருந்தாக் கொறஞ்சு போயிருவியா?"

"வழக்கம்போல என்னைய அத்தை வீட்டுக்குப் பத்திவிட வேண்டியதுதான?"

"இப்பத்தான் நீ நல்லா நிமிந்து நிக்கிறியே. யாருக்குத் தெரியப்போகுது?"

அழகுபாண்டிக்குச் சுருக்கென்றது.

அவனுக்கு முப்பத்தொரு வயது. ஒத்தக்கடையிலிருந்து தினமும் பஸ் ஏறி, மேலூர் ரோட்டில் ஒரு கல்லூரிக்குப் போய் டெலிபோன் ஆபரேட்டராக வேலை பார்க்கிறான். பிறவியிலேயே பார்வை இல்லை. ஆனால் கண்ணைப் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது, நரம்புதான் வேலை செய்யவில்லை. அவனைக் காட்டிக்கொடுத்தது கூன்தான். நடக்கப் பழகிய நாளிலிருந்து "தலையக் குனி, நெலை இடிச்சிரும்" என்றே அந்த வீடு சொல்லிக்கொண்டிருந்தது. வாசலைத் தாண்டியாச்சு, இனி நிமிரு என்று சொல்ல ஒரு ஆளுக்கும் தோன்றவில்லை. தாடை நெஞ்சில் ஒட்டியபடியே முப்பது வருசம் போனது. கழுத்து வலி, முதுகு வலி, தலைவலி எல்லாம் கூடவே வளர்ந்தன.

போன வருசம் சிமெண்ட் கடை மாடியில் தமிழ்மாறன் மாஸ்டர் பார்வையில்லாதவர்களுக்கு உடற்பயிற்சி வகுப்பு ஆரம்பித்தார். குதிகால், முதுகு, பின்னந்தலை மூன்றும் சுவரில் பட நிற்க வேண்டும். பேசுகிற குரல் எந்தப் பக்கம் வருகிறதோ அந்தப் பக்கம் முகம் திரும்ப வேண்டும். அழகுபாண்டி வீட்டிலும் விடாமல் செய்தான், வீடு பட்ட பாடுதான் கொஞ்சமல்ல. ஸ்கிப்பிங் ஆடியதில் ட்யூப் லைட் போனது. முழங்கையை ஊன்றி விறைப்பாகக் குப்புறக் கிடந்த மகனைப் பார்த்த அப்பா பேயாண்டி, வலிப்பு வந்துவிட்டது என்று ஒரு குடம் தண்ணீரைக் கொட்டினார். "ஒரு நிமிசம் முடியப் பத்து செகண்டுதாம்ப்பா இருந்துச்சு" என்று நனைந்தபடி அழாத குறையாகச் சொன்னான் அவன்.

ஆறு மாதத்தில் கழுத்து வலி ஓடியது. தோள் விரிந்தது. குச்சியைத் தட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்பிலிருந்து கல்லூரிக்குத் தனியாக நடந்தான். நாலு பேர் நடுவில் நடமாடத்தான் அவன் நிமிர்ந்தான். பெற்றவர்களோ அந்த நிமிர்வை வைத்தே அவனை மறைக்கப் பார்த்தார்கள். இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது!

"பொய் சொல்லிக் கட்டிக்கிட்டுப் போய் நான் என்னாத்த வாழப்போறேன்?" என்று தங்கை சுபலட்சுமி சண்டைக்கு வந்தாள்.

"மொதல்ல முடியட்டும்த்தா. பெறகு பக்குவமாச் சொல்லிக்கிருவோம்" என்றார் பேயாண்டி.

அண்ணன் விஷயம் தெரிந்து ஏற்கெனவே மூன்று இடம் தட்டிப் போயிருந்தது. இந்த மாப்பிள்ளை சூரியபிரகாஷை போட்டோவிலேயே சுபாவுக்குப் பிடித்திருந்தது. நாலாவதும் தன்னால் போய்விடக் கூடாதே என்று அழகுபாண்டி வாயை மூடிக்கொண்டான். அறையிலிருந்து நாற்காலிக்கு ஏழு காலடி. உட்கார வேண்டும், முகத்தைத் திருப்ப வேண்டும், தலையாட்ட வேண்டும், பேசக் கூடாது. ஒச்சாயி நாலு தடவை ஒத்திகை பார்த்தாள்.

பதினோரு மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளை, அவன் அம்மா முருகம்மாள், அவளுடைய அண்ணன் விருமாண்டி. எதிரும் புதிருமாக உட்கார்ந்த அழகுபாண்டியும் விருமாண்டியும் அரை மணி நேரம் மாறி மாறித் தலையாட்டினார்கள். இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. சபையில் ரொம்ப மரியாதைப்பட்ட ஆட்கள் என்று இரண்டு வீட்டுக்கும் ஏகத் திருப்தி.

"என்னா நிமிர்வு! தம்பி போலீஸ்ல இருக்காப்லயா?" என்றாள் முருகம்மாள்.

ஒச்சாயி கேசரித் தட்டை அவள் பக்கம் தள்ளினாள். "சேரலாம்னு இருந்தான், மதினி" என்று சமாளித்தாள்.

முருகம்மாளுக்கு மனசு நிறைந்துவிட்டது. "எங்களுக்குப் பரிபூரண சம்மதம். பூ, பழம் எல்லாம் கையோட கொண்டாந்திருக்கோம். எங்கண்ணனும் பொண்ணோட அண்ணனும் இப்பவே தட்ட மாத்திக்கிறட்டும். பொண்ணு வீட்டுத் தட்டு மொதல்ல வரட்டும்" என்று ஒரு தட்டை விருமாண்டி மடியில் வைத்தாள்.

தட்டு மாறிவிட்டால் பேச்சு மாறக் கூடாது என்பது ஊர் வழக்கம். பேயாண்டி வெற்றிலை பாக்குத் தட்டை மகன் கையில் கொடுத்தார். அழகுபாண்டி எழுந்து நின்றான். எந்தப் பக்கம் போவது? தட்டை வாங்க வேண்டிய மனுசனிடமிருந்து வந்ததிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. தப்பான ஆளிடம் நீட்டினாலும் மானம் போகும், உண்மையைச் சொன்னாலும் சம்பந்தம் போகும். தங்கைக்காகத்தான் இதற்கு ஒத்துக்கொண்டான். ஆனால் அவள் கல்யாணத்தில், அப்புறம் வருகிற ஒவ்வொரு விசேஷத்திலும், இப்படிக் காலடிகளை எண்ணிக்கொண்டே உட்கார்ந்திருக்க முடியுமா?

"பெரியவரே, எனக்குக் கண்ணு தெரியாது. கொஞ்சம் பேச்சுக் குடுங்க. சத்தத்த வச்சு வந்துர்றேன்."

விருமாண்டி வாயைத் திறக்கவில்லை. அழகுபாண்டி இன்னொரு தடவை கேட்டான். அதற்கும் பதில் இல்லை. அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது என்று நினைத்தான்.

மாப்பிள்ளைதான் பொறுக்கமாட்டாமல் சொன்னான். "மச்சான், மாமாவுக்குக் காது கேக்காது. கல்குவாரில வெடி வச்சு வச்சுப் போயிருச்சு. பேசுனாக் கத்துவாருன்னு அம்மா வாயத் தொறக்கக் கூடாதுன்னு சொல்லிக் கூட்டியாந்துச்சு."

ஒச்சாயிக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு கோபம் வந்ததோ! "காது கேக்காதத மறைச்சா பொண்ணு கேக்க வந்தீக?"

"கண்ணு தெரியாதத மறைச்சவுக கேக்குற கேள்வியா இது?" என்றாள் முருகம்மாள்.

கால் மணி நேரம் இரண்டு பேரும் ஒருவரையொருவர் கிழித்துத் தோரணம் கட்டினார்கள். மூச்சு வாங்கியதும் இரண்டு குடும்பத்துக்கும் கவுரவம் முக்கியம் என்பதில் ஒற்றுமை வந்துவிட்டது. பேயாண்டி இறங்கிய குரலில் சொன்னார்.

"நம்ம பிள்ளைக வாழ்க்கையப் பாப்போம். தட்டக் கீழ வச்சிருவோம். நல்ல நாள் பாத்து, எங்க பக்கம் எங்கண்ணன் மகன நிக்கச் சொல்றேன். உங்க பக்கமும் நல்ல ஆளா ஒருத்தரப் பாத்துக்கங்க. இவுக ரெண்டு பேரும் சபைக்கு வர வேண்டாம்."

"அதுதாண்ணே சரி" என்றாள் முருகம்மாள்.

சுபா எழுந்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் விருமாண்டிக்குப் பொறுமை போய்விட்டது. பேச்சு ஒன்றும் விளங்காவிட்டாலும், தட்டோடு விறைப்பாக நிற்கிற பையனை அவர் கண் பார்த்துக்கொண்டுதானே இருந்தது. தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினார்.

"ஏப்பா தம்பி! தட்டத் தூக்கிட்டு எம்புட்டு நேரம் நிப்ப? வாப்பா இங்கிட்டு!"

அழகுபாண்டியின் முகம் குரலுக்கு நேராகத் திரும்பியது. "டேய், இருடா!" என்றாள் ஒச்சாயி. அவன் இருக்கவில்லை. மூன்றே எட்டில் போய்த் தட்டை நீட்டினான். விருமாண்டி அதை வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு, தன் தட்டை அவன் கையில் வைத்து, கை அதைப் பிடிக்கும்வரை விடாமல் இருந்தார்.

"மாத்தியாச்சு" என்றாள் சுபா. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. மாப்பிள்ளை குனிந்து கேசரி சாப்பிடுவதுபோல் சிரிப்பை மறைத்தான்.

ஒச்சாயி தொப்பென்று கீழே உட்கார்ந்தாள். "யாருடா தட்டு மாத்துனான்னு ஊர்ல கேப்பாகளே, நான் என்னன்னு சொல்லுவேன்?"

"கண்ணு தெரியாத மகனும் காது கேக்காத சம்பந்தியும்னு சொல்லும்மா" என்றான் அழகுபாண்டி. "நம்பாதவுகள கல்யாணத்துக்கு வரச் சொல்லு. முன்னாடிதான் நிப்போம்."