இரும்பு முகப்புப் பால்கனி

திருநாவுக்கரசு முதலாளிக்கு நான் தர வேண்டியிருந்தது இருபத்திமூவாயிரத்து நானூறு ரூபாய். நிக்கோபாரின் கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்தையும் எங்கள் லைன் வீட்டையும் சுனாமி கொண்டுபோன பிறகு, போர்ட் பிளேயரில் தகரக் கொட்டகையில் கிடந்த காலம் அது. சிங்கப்பூர்க் கப்பல் பட்டறை வேலைக்கு ஏஜெண்டுக்குக் கட்டப் பணம் கொடுத்தவர் அவர்தான். அங்கே வேலை நின்றுபோய்த் திரும்பி வந்ததும் அவரிடமே பெயின்டராகச் சேர்ந்தேன். சம்பளத்தில் மாதாமாதம் கழித்துக்கொள்வார். என் மனைவி சொர்ணம்மாவுக்கு உடம்புக்கு முடியாத மாதங்களில் கழிக்க மாட்டார், மேற்கொண்டு கொடுப்பார். அதனால் பாக்கி கொஞ்சம் இறங்கும், மறுபடி ஏறும்.

போர்ட் பிளேயரின் ஹேடோ பகுதியில், கப்பல்கள் அணையும் ஜெட்டிக்குப் போகும் ரோட்டில் அவருடைய பெயின்ட் கடை. தீவுக்குத் தீவு போகும் கப்பல்களில் துரு சுரண்டி வர்ணம் அடிக்கும் கான்ட்ராக்டும் அவருக்குத்தான். கல்லாவில் உட்கார்ந்திருப்பது அவர் மனைவி வைஜெயந்தி அக்கா. இரண்டு முழங்காலும் தேய்ந்தவர். காலையில் உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் எழுவார். எழுவதற்கும் மேஜையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

அவர்கள் மகன் அருண்பிரசாத்துக்குச் சிங்கப்பூரில் வேலை. அப்பா அம்மாவுக்குக் கல்யாணமாகி முப்பது வருஷம் ஆகிறது, அங்கிருந்து கிளம்பும் உல்லாசக் கப்பலில் நாலு நாள் போய் வரட்டும் என்று அவன் ஏற்பாடு செய்தான். அக்கா முதலில் சம்மதிக்கவே இல்லை.

"கப்பலா? மெட்ராஸ் போறப்ப பங்க் படுக்கையில வாந்தி எடுத்து எடுத்து வகுறு வெளிய வந்தது போதாதா? பக்கெட்டக் கட்டிப் புடிச்சிக்கிட்டு நாலு நாளா? உங்க அப்பாவ மட்டும் கூட்டிக்கிட்டுப் போடா" என்று போனில் சொன்னார்.

அந்தப் பக்கம் அவன் ஏதோ சொன்னான். அக்கா முகம் மாறியது. "ரூமுக்கு ரூம் பால்கனியா? அங்கயே உக்காந்து டீ குடிச்சிக்கிட்டுக் கடலப் பாக்கலாமாடா?" என்று கேட்டார்.

சுற்றிலும் கடல் உள்ள ஊரில் இருந்துகொண்டு இப்படிக் கேட்கிறாரே என்று யாருக்கும் தோன்றும். அவர்கள் வீடு கடலை மறைக்கும் மேட்டின் பின்பக்கம். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிதான் தெரியும். முழங்கால் போனதிலிருந்து அவர் கரைக்கு இறங்கியதே இல்லை.

பால்கனியில் பல தினுசு இருக்கிறது, ஒன்றைத் தேர்ந்தெடுங்கள் என்று அருண்பிரசாத் படங்கள் அனுப்பினான். முதலாளி நெட் சென்டரில் பிரின்ட் எடுத்து வந்து பெயின்ட் டிரம்மின் மேல் பரப்பினார். என்னைக் கூப்பிட்டார்.

"வாய்யா பழனியாண்டி. டீக்கடையில தெனமும் அளப்பியே, சிங்கப்பூர்ல பால்கனி பால்கனியாத் தொங்குனேன்னு. இதுல எது நல்லதுன்னு சொல்லு பாப்போம்."

"வழி விடுங்கப்பா, கேப்டன் சாப் வர்றாரு" என்றான் குழந்தைவேலு. என்னோடு வேலை செய்கிறவன். வாயை மூடத் தெரியாதவன்.

"உங்க அக்காவுக்குப் புடிச்ச மாதிரி ஒண்ணச் சொல்லிப்புட்டீன்னா உன் கணக்க மொத்தமா அடிச்சிர்றேன். பக்கா. குழந்தைவேலு, நீதான் சாட்சி" என்றார் முதலாளி.

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் நாலு பேர் முன்னால் சொன்னதை அவர் மாற்ற மாட்டார் என்பது ஹேடோவுக்கே தெரியும்.

படங்களைப் பார்த்தேன். எல்லாம் சிங்கப்பூர்ப் பட்டறையில் உல்லாசக் கப்பல்களுக்கு வர்ணம் அடித்தபோது நான் கைவைத்த மாதிரிகள்தான். கப்பலின் பின்பக்கத்துப் பால்கனி விசாலமானது, கப்பல் விட்டுப்போகும் வெள்ளை நுரைத் தடம் முழுக்கத் தெரியும். ஆனால் புகைபோக்கியின் கரி அங்கேதான் வந்து விழும், இன்ஜின் அதிர்வில் டம்ளர் தானாக நகரும். நடுத்தட்டில் இருப்பது உயிர்காக்கும் படகுகளுக்கு எதிரே. விலை குறைவு, ஆனால் கதவைத் திறந்தால் படகின் ஆரஞ்சு முதுகுதான் தெரியும். கப்பலின் விலாவிலேயே ஓட்டை போட்டது போல உள்வாங்கிய பால்கனி ஒன்று. மழை வெயில் படாது, ஆனால் தண்ணீருக்கு ரொம்பப் பக்கம். கடல் கொஞ்சம் முரண்டு பிடித்தாலும் சாரல் உள்ளே வரும். அப்படி ஒரு இடத்தை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். தண்ணீர் பக்கத்தில் வந்தால் என்ன ஆகும் என்று பார்த்தவன் நான்.

மிச்சம் இரண்டு. ஒன்றுக்கு முகப்பு முழுக்கக் கண்ணாடி. இன்னொன்றுக்கு நெஞ்சு உயரத்துக்கு இரும்புத் தகடு, அதன் மேல் மரக் கைப்பிடி.

"கண்ணாடி வேணாம் மொதலாளி" என்றேன். "நாங்க நல்ல தண்ணி விட்டுத் தொடச்சிட்டுத் திரும்புறதுக்குள்ள உப்புப் படிஞ்சி பால் மாதிரி ஆயிரும். சூப்பர்வைசர்கிட்ட அதுக்கே எம்புட்டு ஏச்சு வாங்கினேன். மேல்தட்டுல இருக்குறவன் எட்டிப் பாத்தா நாம உக்காந்திருக்கறது தெரியும். வெயிலும் நேரா வந்து அடிக்கும். இரும்புன்னா காத்து மட்டுப்படும், நெழல் இருக்கும், மறைப்பு இருக்கும். கெட்டியா இருக்கும்."

"பெயின்ட்டும் நல்லாப் புடிக்கும்" என்றார் முதலாளி.

"ஆமாங்க. ரெண்டு கோட்டு அடிச்சா அஞ்சு வருஷம் அசையாது."

இரண்டு பேரும் தலையாட்டிக்கொண்டோம். அக்கா கல்லாவிலிருந்தபடியே கேட்டார்: "உக்காந்தா கடல் தெரியுமாண்ணே?"

தெரியுமா? பட்டறையில் நாற்காலிகளை எல்லாம் பிளாஸ்டிக் சுற்றி நடையில் அடுக்கி வைத்திருப்பார்கள். பால்கனியில் உட்கார்ந்தால் சம்பளத்தில் கை வைப்பார்கள். நான் அங்கே நின்றிருக்கிறேன், கயிற்றில் தொங்கியிருக்கிறேன், உட்கார்ந்ததில்லை. தெரியாது அக்கா என்று சொல்லியிருக்கலாம். இருபத்திமூவாயிரத்து நானூறு ரூபாய் நாக்கின் மேல் உட்கார்ந்திருந்தது.

"ஜோராத் தெரியும் அக்கா" என்றேன்.

அன்று சாயங்காலமே அருண்பிரசாத் இரும்பு முகப்பைப் பதிவு செய்தான். கப்பல் கிளம்பும் வரைக்கும் மாற்றிக்கொள்ளலாம், இடம் இருக்கிறது என்றும் சொன்னானாம்.

அவர்கள் சிங்கப்பூருக்குப் போன பிறகு, திக்லிபூர் போகும் கப்பல் ஒன்றில் எங்களுக்கு வேலை வந்தது. மதியம் டெக்கில் கால் நீட்டி உட்கார்ந்து சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தேன். கை கழுவின தண்ணீரை வெளியே ஊற்றலாம் என்று தலையைத் தூக்கினால், எதிரே கப்பலின் பக்கச் சுவர். காலையில் நானே அடித்த வெள்ளை. அதற்கு மேல் கொஞ்சம் வானம். கடல் இல்லை. தரையில் உட்கார்ந்திருப்பதால் அப்படி இருக்கும் என்று, கவிழ்த்து வைத்த டிரம் ஒன்றை இழுத்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தேன். அப்போதும் வெள்ளைதான். கழுத்தை நீட்டினேன். முதுகை நிமிர்த்தினேன்.

"என்னாண்ணே, முட்டை போடப் போறியா?" என்றான் குழந்தைவேலு.

சோற்றுப் பொட்டலத்தை மடித்து வைத்தேன். பட்டறையில் நான் அடித்த இரும்பு முகப்புகளும் இதே உயரம்தான். அக்கா எழுந்து நிற்க மேஜையைப் பிடிக்கிறவர்.

கப்பல் கிளம்ப இன்னும் இரண்டு நாள் இருந்தது. எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் முதலாளியின் நம்பரைக் கொடுத்தேன். மணி அடித்தது. எடுத்ததும் நான்தான் என்றேன்.

"என்னய்யா பழனியாண்டி, இங்க போன எடுத்தாலே காசு பறக்குது, சீக்கிரம் சொல்லு."

பின்னால் அக்காவின் சிரிப்புச் சத்தம் கேட்டது. அப்படி அவர் சிரித்து நான் கேட்டதில்லை.

"மொதலாளி, அந்த..."

"எந்த?"

"கிரே பெயின்ட் தீந்துபோச்சு. ஸ்டோர்ல எடுக்கவா?"

"இதுக்குப் போயி போனாய்யா? எடுத்துத் தொலை!" வைத்துவிட்டார்.

கிரே பெயின்ட் பாதி டிரம் இருந்தது. பூத்தில் காசைக் கொடுத்துவிட்டு ஜெட்டிச் சுவரோரம் நின்றேன். மறுபடி போட்டுச் சொல்லலாம் என்று நினைத்தேன். சொன்னால் கண்ணாடிக்கு மாற்றிக்கொள்வார்கள். அக்கா கடலைப் பார்ப்பார். நான் பொய் சொன்னது தெரிந்துபோகும், கணக்கும் அடிபடாமல் அப்படியே நிற்கும். வீட்டில் சொர்ணம்மாவிடம் கணக்கு அடிபடப் போகிறது என்று ஏற்கெனவே சொல்லிவிட்டிருந்தேன். அவள் பக்கத்து வீட்டு ஒச்சம்மாளிடம் சொல்லி, இரண்டு பேரும் ஒரு மிக்சி வாங்குவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். மறுநாளும் பூத் பக்கம் போனேன். உள்ளே ஒரு பெங்காலி பேசிக்கொண்டிருந்தான். அவன் முடிக்கட்டும் என்று நின்றேன். அவன் முடித்து வெளியே வந்து, "ஜாவ் பாய்", போங்கள் என்று கதவையும் பிடித்துக்கொண்டான். நான் தலையை ஆட்டிவிட்டு நடந்துவிட்டேன்.

அவர்கள் கப்பலில் இருந்த நாலு நாளும் வெள்ளைப் பெயின்ட் டப்பாவைத் திறக்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

அவர்கள் திரும்பி வந்த அன்று கடையே கலகலத்தது. முதலாளி எல்லாருக்கும் சாக்லேட் கொடுத்தார். என் தோளில் ஓங்கித் தட்டினார்.

"அசத்திப்புட்டய்யா! காத்து மூஞ்சில அடிக்கவே இல்ல. காலையில காப்பிய எடுத்துக்கிட்டுக் கைப்பிடியில சாஞ்சி நின்னேன்னு வையி, கடலு, கடலு, ஒரே கடலு! பெயின்ட்டத் தட்டிக்கூடப் பாத்தேன். நம்ம வேலையவிடச் சுத்தம்."

"அக்காவுக்கு எப்பிடி இருந்திச்சி?" என்று குழந்தைவேலு கேட்டான்.

"நல்லா இருந்துச்சு" என்றார் அக்கா. கல்லாவில் சில்லறையை அடுக்கிக்கொண்டிருந்தார், தலையைத் தூக்கவில்லை.

முதலாளி கணக்கு நோட்டை எடுத்து என் பக்கத்தைப் புரட்டினார். "சொன்னா சொன்னதுதான். எங்க அந்தச் செவப்புப் பேனா?"

அதற்குள் குழந்தைவேலு முதலாளியின் செல்போனில் போட்டோக்களைத் தள்ளிக்கொண்டிருந்தான். "இந்தா, அக்கா உக்காந்திருக்காங்க... என்னாக்கா இது, ஆஸ்பத்திரி வராண்டாவா?"

நான் எட்டிப் பார்த்தேன். நாற்காலியில் அக்கா. கையில் டீக் கோப்பை. புதுப் புடவை. அவருக்கு எதிரிலும் பக்கத்திலும் வெள்ளைச் சுவர், தலை உயரத்தில் மரக் கைப்பிடி, அதற்கு மேல் விரல் அகலத்துக்கு வானம். அடுத்த படமும் அப்படித்தான். அதற்கடுத்ததும்.

குழந்தைவேலு சிரிப்பதை நிறுத்தினான். முதலாளி போனை வாங்கிப் பார்த்தார். அவரே எடுத்த படங்கள்.

"ஏ ஜெயந்தி, உனக்குக் கடல் தெரியலயா?"

"நின்னா தெரிஞ்சிச்சு."

"நீ எங்க நின்ன?"

"மொத நாளு கொஞ்ச நேரம் நின்னேன். அப்புறம் ஏலல."

"சொல்லவே இல்லயே!"

"நீங்கதான் கேக்கவே இல்லயே" என்றார் அக்கா. சில்லறை அடுக்கு ஒன்று சரிந்தது. மறுபடி அடுக்கினார். "காலையில எந்திரிச்சதும் கைப்பிடிக்குப் போயிருவீங்க. ஜெயந்தி, அங்க பாரு மீன் துள்ளுதும்பீங்க. நான் ஆமாம்பேன்."

முதலாளி என் பக்கம் திரும்பினார். முகம் கறுத்துவிட்டது. "ஏய்யா, அவ கேட்டப்ப ஜோராத் தெரியும்னியே!"

"நான் அங்க உக்காந்ததே இல்ல மொதலாளி" என்றேன். "தெரியாமத்தான் சொன்னேன். பெறகு தெரிஞ்சிச்சு. கப்பல் கெளம்புறதுக்கு முந்தியே தெரிஞ்சிச்சு. அதச் சொல்லத்தான் போன் போட்டேன்."

"கிரே பெயின்ட் தீந்துபோச்சுன்னியே, அதுவா?"

"தீரல."

வெளியே லாரி ஒன்று பின்னால் வந்துகொண்டிருந்தது. க்ளீனர் "ஆனே தோ, ஆனே தோ", வரட்டும் வரட்டும் என்று கத்திக்கொண்டிருந்தான். எனக்கு அந்தத் தரையிலேயே அக்காவின் காலில் விழலாம் போல இருந்தது. அவர் கால் இருந்த நிலையில் அதுவும் ஒரு தொந்தரவாகத்தான் போயிருக்கும்.

"எப்பயும் போல சம்பளத்துல கழிச்சிக்கிங்க" என்றேன். "கூடக் கழிச்சாலும் சரிங்க."

"கழிக்கத்தான் போறேன்! இந்த எடத்துல ஒரு மனுசன நம்பி..." என்று முதலாளி ஆரம்பித்தார்.

"அவர ஏன் ஏசுறீங்க?" என்றார் அக்கா. சத்தமாகச் சொல்லவில்லை. "அவராவது இங்க இருந்தாரு. நீங்க நாலு நாளும் என் பக்கத்துல நின்னீங்க."

முதலாளி போனை மேஜையில் கவிழ்த்து வைத்தார்.

அக்கா என்னைப் பார்த்தார். "தெரியாதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா என்னண்ணே கொறஞ்சிருக்கும்? நான் கண்ணாடின்னு சொல்லியிருப்பேன். உப்புப் படிஞ்சா படிஞ்சிட்டுப் போவுது, தொடச்சிட்டுப் பாக்குறேன்."

எவ்வளவு குறைந்திருக்கும் என்று ரூபாய் வரைக்கும் எனக்குத் தெரியும். அதை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

"அந்தக் கணக்க அடிச்சிருங்க" என்றார் அக்கா, நோட்டைக் காட்டி.

"எதுக்கு? இவன் பண்ணுன வேலைக்கு?" என்றார் முதலாளி.

"அத இன்னும் எதுக்கு வெச்சிருக்கணும்? மாசாமாசம் நூறு எறநூறுன்னு எழுதிக்கிட்டு, எழுதுறப்பல்லாம் ரெண்டு பேரும் தலையக் குனிஞ்சிக்கிட்டு நிப்பீங்க. கல்லாவுல உக்காந்து அதையும் நான்தான் பாக்கணும். அடிங்க."

"வேணாம் அக்கா" என்றேன்.

"உங்களக் கேக்கல."

முதலாளி சிவப்புப் பேனாவைத் தேடவில்லை. காதில் செருகியிருந்த நீலப் பேனாவை எடுத்து, என் பெயரிலிருந்து இருபத்திமூவாயிரத்து நானூறு வரைக்கும் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். கோடு நேராக வரவில்லை. தேதி போட்டார். அவரும் என்னைப் பார்க்கவில்லை, நானும் அவரைப் பார்க்கவில்லை.

"அக்காவுக்கு ஒரு டீ சொல்லிட்டு வா" என்று குழந்தைவேலுவிடம் சொல்லி, நோட்டை மூடினார்.